சூழல் சாரா இலக்கணத்துக்கும் டூரிங் இயந்திரத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்கிறேன்: ரெகுலர் மொழி, சூழல் சாரா மொழி (பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காத விதிகளால் உருவாவது), புஷ்டவுன் ஆட்டோமேட்டன் வரை படித்தாகிவிட்டது. இங்கே மொழி என்றால் சொற்களின் தொகுப்பு. மூன்று எழுத்துகள் வரிசையாக, ஒரே எண்ணிக்கையில் வரும் மொழி சூழல் சாரா இலக்கணத்துக்குள் அடங்காது என்று பம்பிங் லெம்மாவை வைத்து நிரூபிக்கவும் தெரியும். அதற்கு அடுத்த அத்தியாயத்தில் பாடம் நேரே, எல்லையில்லாத நாடாவை நினைவகமாகக் கொண்ட டூரிங் இயந்திரத்துக்குப் போய்விடுகிறது. நடுவில் ஒன்றும் இல்லையா? இருந்தால் அது எதற்காவது பயன்படுகிறதா?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அந்த நடுப்பகுதிதான். மொழியியலாளர் சாம்ஸ்கி இலக்கணங்களைச் சக்தி வரிசையில் அடுக்கிய பட்டியலில் "அடுத்தது" என்று போட்டிருக்கும் சூழல் சார்ந்த இலக்கணத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் யோசனை. அது ரொம்ப உயரத்தில் இருக்கும் படி. அதற்கும் சூழல் சாரா இலக்கணத்துக்கும் இடையே சாம்ஸ்கியின் பட்டியலில் இடம்பெறாத பல படிகள் இருக்கின்றன. பயனுள்ளவை அவைதான்.

முதலில், புஷ்டவுன் ஆட்டோமேட்டனின் நினைவகமான ஸ்டாக் எங்கே தோற்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். "குமார், மாலா ரவி வந்ததாகச் சொன்னதாக நினைத்தான்" என்ற வாக்கியத்தை எடுங்கள். பெயர்கள் குமார், மாலா, ரவி என்ற வரிசையில் வருகின்றன. வினைகளோ தலைகீழ் வரிசையில்: வந்தது ரவி, சொன்னது மாலா, நினைத்தது குமார். கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வருகிறது. ஸ்டாக் செய்வதும் அதையேதான். இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் தொடர்பு எத்தனை ஆழம் போனாலும் சூழல் சாரா இலக்கணத்துக்குக் கவலை இல்லை.

இப்போது ஒரு சொல்லை அப்படியே இரண்டு முறை எழுதும் மொழியைப் பாருங்கள். எழுத்துகள் க, ச மட்டும். "கசசகசச" அதில் உண்டு, "கசசசசக" கிடையாது. முதல் பாதியைப் படித்து ஸ்டாக்கில் தள்ளினால் மேலே இருப்பது ச. ஆனால் இரண்டாம் பாதியின் முதல் எழுத்தோடு ஒப்பிட வேண்டியது அடியில் கிடக்கும் க. அதை எடுக்க மேலே இருப்பவற்றை இழக்க வேண்டும். முதலாவது முதலாவதோடும் இரண்டாவது இரண்டாவதோடும் சேர்கிற இந்த வகையைக் குறுக்குத் தொடர்பு என்று சொல்லலாம். கோடு போட்டு இணைத்தால் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டும்.

"இன்னொரு ஸ்டாக் கொடுத்துவிட்டால்?" என்று உடனே தோன்றும். கொடுத்தால் நேரே டூரிங் இயந்திரம் வந்துவிடும். இரண்டு ஸ்டாக்கை எதிரெதிரே வைத்தால் அதுவே ஒரு நாடா. ஸ்டாக்குக்குப் பதில் ஒரே ஒரு கியூவை (முதலில் போனது முதலில் வெளியே வரும் வரிசையை) கொடுத்தாலும் அதே கதை. வெறும் இரண்டு எண்ணிக்கருவி போதும் என்று மின்ஸ்கி காட்டியிருக்கிறார். நினைவகத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தாலும் ஒரே தாவலில் உச்சிக்குப் போய்விடுகிறோம். நடுவில் நிற்க வேண்டுமென்றால் கட்டுப்பாட்டை யோசித்துப் போட வேண்டும்.

சாம்ஸ்கி போட்ட கட்டுப்பாடு, விதியின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது என்பது. இதுதான் சூழல் சார்ந்த இலக்கணம். இதற்கு ஈடான இயந்திரம், உள்ளீடு எழுதியிருக்கும் இடத்தைத் தாண்டி நாடாவைப் பயன்படுத்தாத, ஊகிக்கும் திறன் கொண்ட (பல வழிகள் இருந்தால் சரியானதைத் தானே தேர்ந்துகொள்ளும்) டூரிங் இயந்திரம். இதை 1964-இல் குரோடா நிறுவினார். கட்டுப்பாடு கடுமையானது போலத் தெரியும், ஆனால் நடைமுறையில் எதையும் கட்டுப்படுத்துவதில்லை. நீளம் பகா எண்ணாக இருக்கும் சொற்களின் மொழி கூட இதற்குள் அடங்கிவிடும். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் எந்த மொழியும் அடங்கிவிடும். அல்காரிதத்தால் தீர்க்கக்கூடியதாகவும் இதற்கு வெளியே இருப்பதாகவும் ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் சிரமப்பட்டுத் தேட வேண்டும். வர்க்கக் குறியீடு (ஒன்றை இருமுறை எழுதச் சொல்லும் குறி) சேர்த்த இரண்டு ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள் ஒரே மொழியைக் குறிக்கின்றனவா என்ற கணக்கு அப்படி ஒன்று. அதற்கு அடுக்குக்குறி வேகத்தில் வளரும் இடம் தேவை என்று மேயரும் ஸ்டாக்மேயரும் 1972-இல் காட்டினார்கள்.

இவ்வளவு தாராளத்துக்கு விலையும் உண்டு. ஒரு சொல் அந்த மொழியில் இருக்கிறதா என்று சோதிப்பது பொதுவாக பி-ஸ்பேஸ் முழுமை, அதாவது நீளத்தின் ஏதோ ஒரு நிலையான அடுக்கு அளவு இடத்தில் தீரும் கணக்குகளிலேயே மிகக் கடினமான வகை. இலக்கணம் ஒரு சொல்லையாவது உருவாக்குமா என்ற கேள்விக்கு எப்போதும் விடை சொல்லும் அல்காரிதமே கிடையாது. அமைப்பைப் பற்றி எதுவும் சொல்லாமல், இடத்தை மட்டும் அளந்து கட்டிய வகுப்பு இது. அதனால்தான் பாடங்கள் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடுகின்றன என்று நினைக்கிறேன்.

ஆனால் கணிப்புச் சிக்கல் கோட்பாட்டுக்கு (எந்தக் கணக்குக்கு எவ்வளவு நேரம், இடம் வேண்டும் என்ற ஆய்வுக்கு) இந்த வகுப்பு தந்த கொடை பெரியது. குரோடா இரண்டு கேள்விகளை விட்டுச்சென்றார். ஊகிக்கும் திறனை எடுத்துவிட்டால் இயந்திரத்தின் சக்தி குறையுமா என்பது ஒன்று. சூழல் சார்ந்த மொழியின் நிரப்பியும் (அதில் இல்லாத சொற்களின் மொழியும்) சூழல் சார்ந்ததா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு "ஆம்" என்ற விடையை 1987-ஐ ஒட்டி இம்மர்மனும் செலெப்செனியும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1995-இல் கோடல் பரிசு அதற்குத்தான். முதல் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. 1970-இல் சாவிச் காட்டியபடி இடத்தை வர்க்கமாக்கினால் ஊகிப்பைத் தவிர்க்கலாம். அதற்குக் கீழே இறக்க முடியுமா என்பது தெரியாது.

சரி, அந்த நடுப்படிகளுக்கு வருவோம். அவற்றைத் தேட வைத்தது மனித மொழி. மனித மொழிகளுக்குச் சூழல் சாரா இலக்கணம் போதாது என்று பலர் வாதிட்டிருந்தார்கள். 1982-இல் புல்லமும் கஸ்டாரும் அதுவரை வந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டைகளைக் காட்டினார்கள். டச்சு மொழியில் குறுக்குத் தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அங்கே பெயர்ச்சொல்லில் வேற்றுமை உருபு இல்லாததால் எந்தப் பெயர் எந்த வினையோடு சேர்கிறது என்பது சொல்வரிசையில் பதிவாவதில்லை. பெயர்களும் வினைகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போனால் போதும், அதை ஒரு ஸ்டாக்கே பார்த்துக்கொள்ளும்.

ஷீபர் 1985-இல் சுவிஸ் ஜெர்மன் மொழியை எடுத்தார். அந்த மொழியின் துணை வாக்கியம் ஒன்றைத் தமிழ்ச் சொற்களைப் போட்டு அதே வரிசையில் எழுதினால் இப்படி வரும்: நாங்கள் – குழந்தைகளை – ஹான்ஸுக்கு – வீட்டை – விட்டோம் – உதவ – வண்ணமடிக்க. வீட்டுக்கு வண்ணமடிக்க ஹான்ஸுக்கு உதவும்படி குழந்தைகளை விட்டோம் என்பது பொருள். "விடு" இரண்டாம் வேற்றுமை கேட்கிறது, "உதவு" நான்காம் வேற்றுமை கேட்கிறது, "வண்ணமடி" மறுபடியும் இரண்டாம் வேற்றுமை. பெயர்கள் அதே வரிசையில் உருபுகளைத் தாங்கி நிற்கின்றன. உருபைத் தப்பாகப் போட்டால் வாக்கியம் கெட்டுப்போகும். இப்போது இரண்டாம் வேற்றுமைப் பெயர்கள் எல்லாம் முதலில், நான்காம் வேற்றுமைப் பெயர்கள் அடுத்து, பிறகு அவற்றுக்கான வினைகள் அதே வரிசையில் என்று வரும் வாக்கியங்களை மட்டும் ஒரு ரெகுலர் மொழியால் வடிகட்டினால், முதல் தொகுதியும் மூன்றாம் தொகுதியும் சமம், இரண்டாவதும் நான்காவதும் சமம் என்ற வடிவம் மிஞ்சுகிறது. அது சூழல் சாரா மொழி ஆகாது. ஆகவே முழு மொழியும் ஆகாது. இந்த வாதத்தின் அழகு, பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சொல்வரிசையை மட்டும் வைத்தே முடிப்பதில் இருக்கிறது.

அப்படியானால் மனித மொழிக்கு எவ்வளவு கூடுதல் சக்தி தேவை? அதே 1985-இல் அரவிந்த் ஜோஷி ஒரு வரையறை கொடுத்தார். சூழல் சாரா மொழிகள் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். குறுக்குத் தொடர்பு ஓரளவுக்கு முடிய வேண்டும். பாகுபடுத்தும் (வாக்கியத்தின் அமைப்பைக் கண்டுபிடிக்கும்) நேரம் நீளத்தின் ஏதோ ஒரு நிலையான அடுக்குக்குள் நிற்க வேண்டும். சொற்களின் நீளங்களை வரிசைப்படுத்தினால் இடைவெளி எல்லையில்லாமல் வளரக் கூடாது. இவற்றுக்கு உட்பட்டதை மிதமாகச் சூழல் சார்ந்தது என்று அழைத்தார். ஜோஷி, லெவி, தகாஹாஷி மூவரும் 1975-லேயே உருவாக்கியிருந்த ட்ரீ அட்ஜாய்னிங் கிராமர் (மரத்துக்குள் மரத்தை ஒட்டி வாக்கியம் கட்டும் இலக்கணம்) இதற்கு முதல் உதாரணம்.

இதைப் புரிந்துகொள்ள எளிய வழி மரங்களை ஒட்டுவது இல்லை என்பது என் அபிப்பிராயம். மல்டிபிள் கான்டெக்ஸ்ட்-ஃப்ரீ கிராமர் வழியாக வாருங்கள். 1991-இல் செகியும் அவரோடு மூவரும் விரிவாக எழுதியது. கருத்து ஒன்றே ஒன்றுதான்: சூழல் சாரா இலக்கணத்தில் ஒரு நான்-டெர்மினல் (இன்னும் விரிக்க வேண்டிய குறி) ஒரு சரத்தைத் தரும், இங்கே அது சரங்களின் ஜோடியைத் தரலாம். இரட்டிப்பு மொழிக்கு விதிகள்: வெற்று ஜோடியிலிருந்து தொடங்கு. ஒவ்வொரு முறையும் இரண்டு சரங்களின் கடைசியிலும் ஒரே எழுத்தைச் சேர். முடியும்போது இரண்டையும் ஒட்டு.

(வெற்று, வெற்று)
(க, க)
(கச, கச)
(கசச, கசச)
கசசகசச

அவ்வளவுதான். ஸ்டாக்கால் முடியாதது ஐந்து வரியில் முடிந்தது. மூன்று எழுத்து சமமாக வரும் மொழிக்கும் இதே தந்திரம்: முதல் சரத்துக்கு முன்னால் க, பின்னால் ச, இரண்டாம் சரத்துக்குப் பின்னால் த. இரண்டு முறை செய்தால் (ககசச, தத), ஒட்டினால் ககசசதத.

விதி இன்னும் சூழலைப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு விதியும் கேட்பதில்லை. உருவாக்க மரம் சூழல் சாரா இலக்கணத்தின் மரம் போலவேதான். அதன் விளைச்சல் மட்டும் வாக்கியத்தில் இரண்டு இடங்களில் பிரிந்து உட்காருகிறது. ஜோடியை வைத்துக்கொண்டு நான்கு எழுத்துகள் வரை சமப்படுத்தலாம், ஐந்து முடியாது. ஐந்தும் ஆறும் வேண்டுமென்றால் மூன்று சரங்கள் வேண்டும். ஒவ்வொரு சரத்தின் இரண்டு முனைகளிலும்தான் எழுத்தைச் சேர்க்க முடியும் என்பதால் இப்படி. சரம் ஒன்று கூடக் கூட உண்மையாகவே புதிய மொழிகள் உள்ளே வருகின்றன. இதுவே முடிவில்லாத ஒரு படிவரிசை. ஜோடிகள் ஒன்றுக்கொன்று பின்னிக்கொள்ளாமல், ஒன்று மற்றதன் இடைவெளிக்குள் முழுதாக அடங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் கிடைப்பது சரியாக ட்ரீ அட்ஜாய்னிங் கிராமரின் மொழிகள். ஹெட் கிராமர், லீனியர் இண்டெக்ஸ்டு கிராமர், காம்பினேட்டரி கேட்டகோரியல் கிராமர் என்று தனித்தனி நோக்கத்தோடு பிறந்த மூன்றும் இதே வகுப்பில் வந்து சேர்கின்றன என்பதை விஜய்-சங்கரும் வியரும் 1994-இல் முறையாக எழுதினார்கள். இதற்கு ஈடான இயந்திரம் ஸ்டாக்குகளை அடுக்கிய ஸ்டாக்.

செலவு எவ்வளவு? சூழல் சாரா இலக்கணத்தின் அட்டவணைப் பாகுபாட்டில் ஒரு துண்டின் தொடக்கம், முடிவு, நடுவே பிரியும் இடம் என்று மூன்று நிலைகளைத் தேட வேண்டும். அதனால் நேரம் நீளத்தின் 3-ஆம் அடுக்கு. ஜோடிக்கு நடுவில் ஓர் இடைவெளி உண்டு. ஒரு ஜோடியின் இடைவெளிக்குள் இன்னொரு ஜோடி நுழையும்போது வெளி ஜோடியின் இரண்டு முனை, இரண்டும் சந்திக்கும் இரண்டு இடம், உள் ஜோடியின் இடைவெளிக்கு இரண்டு முனை, ஆக ஆறு நிலைகள். நேரம் 6-ஆம் அடுக்கு. ஆர்.என்.ஏ மூலக்கூறில் சாதாரண மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். சூடோநாட் எனப்படும் முடிச்சில் பிணைப்புகள் குறுக்காக வெட்டும். ரிவாஸும் எடியும் 1999-இல் சூடோநாட்டையும் சேர்த்துக் கணிக்க எழுதிய அல்காரிதமும் 6-ஆம் அடுக்கு நேரமே எடுக்கிறது. ஒரே வகைச் சிக்கல், அதனால் ஒரே விலை. மொழியியலும் உயிரியலும் இங்கே சந்திப்பது தற்செயல் இல்லை.

இந்த எல்லைக்குள் எது வரும், எது வராது என்பதில் நிபுணர்களே ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். மிக்ஸ் என்றொரு மொழி: க, ச, த மூன்றும் சம எண்ணிக்கையில், ஆனால் எந்த வரிசையிலும் வரலாம். வரிசையே இல்லாத ஒன்று மிதமான வகுப்புக்குள் வரக் கூடாது என்பதே பரவலான எதிர்பார்ப்பு. சல்வாட்டி 2011-இல் அது ஜோடி இலக்கணத்துக்குள் வரும் என்று நிரூபித்தார், அதுவும் தளத்தில் வளைகோடுகள் சுற்றும் விதத்தைப் பற்றிய வாதத்தை வைத்து. அடுத்த ஆண்டே கனசாவாவும் அவரும் அது ட்ரீ அட்ஜாய்னிங் கிராமருக்குள் வராது என்றும் காட்டினார்கள். பின்னிக்கொள்ளும் ஜோடி, பின்னிக்கொள்ளாத ஜோடி என்ற வித்தியாசம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. மறுபுறம், 1997-இல் மிஷாயெலிஸும் கிராஹ்டும் பழைய ஜார்ஜிய மொழியில் வேற்றுமை உருபுகள் குவியும் விதத்தை வைத்து, மனித மொழி ஜோஷியின் எல்லையையும் தாண்டலாம் என்று வாதிட்டிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே இண்டெக்ஸ்டு கிராமர். ஆஹோ 1968-இல் கொண்டுவந்தார். ஒவ்வொரு நான்-டெர்மினலும் ஒரு ஸ்டாக்கைச் சுமக்கும். விதி அதைப் பல பிள்ளைகளாகப் பிரித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் முழு ஸ்டாக்கும் நகலாகிப் போகும். அந்த நகலில்தான் வீரியம் இருக்கிறது. மூன்று குறிகளை ஸ்டாக்கில் தள்ளிவிட்டு, ஒவ்வொரு குறியை எடுக்கும்போதும் இரண்டாகப் பிரிந்தால் எட்டு க கிடைக்கும். பத்துக் குறி என்றால் 1024. நீளங்கள் 1, 2, 4, 8, 16 என்று பாய்வதால் ஜோஷியின் இடைவெளி நிபந்தனை உடைகிறது. ஒரு சொல் மொழியில் உண்டா என்ற சோதனை என்-பி முழுமையாகிவிடுகிறது, அதாவது வேகமான அல்காரிதம் எதுவும் தெரியாத கடினமான வகைக்குப் போய்விடுகிறது. இருந்தாலும் மொழி வெற்றா என்பதற்கு இன்னும் அல்காரிதம் உண்டு. சூழல் சார்ந்த இலக்கணத்தில் இழந்த வசதி இங்கே இன்னும் கையில் இருக்கிறது. ஸ்டாக்கை ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் அது லீனியர் இண்டெக்ஸ்டு கிராமர், அதாவது மேலே சொன்ன பின்னிக்கொள்ளாத ஜோடி வகுப்புக்கே திரும்பி வந்துவிடுகிறோம். மேல்நோக்கிப் போனால் ஸ்டாக்குகளின் ஸ்டாக்குகளின் ஸ்டாக் என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஃபங்ஷனல் நிரல்களைத் தானாகச் சரிபார்க்கும் ஆய்வு நிற்பது இந்த வழியில்தான். 2006-இல் ஓங் நிறுவிய தேற்றம் அதற்கு ஆதாரம்.

வேறொரு திசையும் உண்டு. ஓகோட்டின் 2001-இல் அறிமுகப்படுத்திய கன்ஜங்க்டிவ் கிராமரில் ஒரு விதி "இப்படியும் இருக்க வேண்டும், அப்படியும் இருக்க வேண்டும்" என்று கேட்கலாம். க-வும் ச-வும் சமம், அதோடு ச-வும் த-வும் சமம் என்று இரண்டு சூழல் சாரா நிபந்தனைகளைச் சேர்த்தால் மூன்றும் சமம். பாகுபடுத்தும் நேரம் 3-ஆம் அடுக்கிலேயே நிற்கிறது. ஒரே எழுத்து மட்டும் உள்ள மொழிகளில் இதனால் ரெகுலர் அல்லாத எதையும் எழுத முடியாது என்று நினைத்திருந்தார்கள். 2007-இல் யேஷ், நீளம் நான்கின் அடுக்குகளாக வரும் மொழிக்கு இலக்கணம் எழுதிக் காட்டினார். நம் பழைய இரட்டிப்பு மொழியை இதில் எழுத முடியுமா என்பது இன்னும் திறந்த கேள்வி.

நிரல்மொழிகள்? "மாறியை அறிவித்த பிறகே பயன்படுத்து" என்ற விதி சூழல் சாரா விதி ஆகாது, பெயர்கள் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம் என்பதால். அல்கால் 60 என்ற நிரல்மொழி இதனாலேயே சூழல் சாராதது இல்லை என்று ஃபிளாய்ட் 1962-இல் காட்டினார். கம்பைலர் எழுதுகிறவர்கள் இலக்கணத்தைச் சூழல் சாராததாகவே விட்டுவிட்டு மீதியை சிம்பல் டேபிளிடம் (அறிவித்த பெயர்களின் அட்டவணையிடம்) ஒப்படைக்கிறார்கள். அது சரியான முடிவுதான். எல்லாவற்றையும் இலக்கணத்துக்குள் திணிக்கப் பார்த்த அல்கால் 68-இன் இரண்டடுக்கு இலக்கணம் டூரிங் இயந்திரத்துக்கே சமமாகிப்போனது. சின்ட்சாஃப் 1967-லேயே அதைக் காட்டிவிட்டார்.

கடைசியாக, நிரூபணம். ஜோடி, மூன்று என்று போகும் வகுப்புகளுக்கு நீங்கள் படித்த பம்பிங் லெம்மா பொதுவாகப் பொருந்தாது. அதை நீட்டிப் பார்க்க முயல வேண்டாம். இரண்டு கருவிகள் போதும். ரெகுலர் மொழியால் வடிகட்டினால் வகுப்பு மாறாது என்பது ஒன்று. எழுத்துகளின் எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் நேர்கோட்டு வடிவங்களின் சேர்க்கையே கிடைக்கும் என்பது இன்னொன்று. சூழல் சாரா மொழிகளுக்குப் பாரிக் காட்டிய இந்தப் பண்பு இந்த வகுப்புகளுக்கும் அப்படியே செல்லும்.

கோப்பு வடிவங்களில் நாள்தோறும் பார்க்கும் ஒன்றில் இதைப் போட்டுப் பாருங்கள்: ஓர் இரும எண், ஒரு பிரிப்புக் குறி, பிறகு அந்த எண் சொல்லும் அளவு க. எண் 1-இல் தொடங்கி மீதி எல்லாம் 0 ஆக இருப்பவற்றை மட்டும் வடிகட்டுங்கள். மூன்று 0 இருந்தால் எட்டு க, நான்கு இருந்தால் பதினாறு. இது நேர்கோட்டில் வளரவில்லை. ஆகவே எத்தனை சரங்களைச் சேர்த்துப் பிடித்தாலும் இந்த மொழி மல்டிபிள் கான்டெக்ஸ்ட்-ஃப்ரீ கிராமருக்குள் வராது. ஆனால் இண்டெக்ஸ்டு கிராமரில் சுலபமாக வரும். எண்ணின் இலக்கங்களை ஸ்டாக்கில் தள்ளி, கடைசி இலக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். ஸ்டாக்கை இரண்டு பிள்ளைகளுக்கு நகலெடுங்கள். இடப்பிள்ளை இலக்கங்களை எழுதட்டும். வலப்பிள்ளை மேலே 0 இருந்தால் அதை எடுத்துவிட்டு இரண்டாகப் பிரியட்டும், 1 இருந்தால் ஒரு க எழுதிவிட்டு இரண்டாகப் பிரியட்டும், ஸ்டாக் காலியானால் மறையட்டும். 101-க்குச் செய்து பாருங்கள்: மேலே உள்ள 1-க்கு ஒரு க எழுதி இரண்டாகிறது, அப்புறம் 0-வில் இரண்டு நான்காகிறது, அந்த நான்கும் அடியில் உள்ள 1-க்கு ஆளுக்கு ஒரு க எழுதுகின்றன. மொத்தம் ஐந்து.